பாக்கியத்தக்கா பார்க்காத முதல் பாதி

போன வெள்ளிக்கிழமை பகல், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், தோட்ட அலுவலகத்துப் பியூன் ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ‘பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு’ என்று விலாசம் எழுதி, அதன்கீழே எங்கள் தோட்டத்தின் பெயரும் வண்டிப்பெரியார் என்றும் போட்டிருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அலுவலக மேசையிலேயே இரண்டு நாள் கிடந்திருக்கிறது. நான்கு வரிதான் எழுதியிருந்தது. “பாக்கியம் பெரியம்மா திங்கட்கிழமை காலை காலமாகிவிட்டார். அன்று மாலையே கூடலூரில் அடக்கம் செய்துவிட்டோம். தனக்கு ஏதாவது ஆனால் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு வரி போட்டுவிடு என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் எழுதுகிறேன்.”

தராசுக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன். யாரும் அழவில்லை. முதலில் நின்ற ராசம்மா, தலைச்சாக்கை இறக்காமலே, “அவ இருந்திருந்தா இதுக்கும் ஒண்ணு சொல்லிச் சிரிக்க வச்சிருப்பா” என்றார். பிறகு சாக்கைத் தராசில் வைத்தார். நான் எடையைப் பார்த்து எழுதினேன்.

மரியபாக்கியம் என்ற பெயர் மாதா கோயில் பதிவேட்டிலும், தினமும் வேலைக்கு வந்தவர் பேரைப் பதிகிற மஸ்டர் புத்தகத்திலும் மட்டுமே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அவர் பாக்கியத்தக்கா. நான்காம் நம்பர் மலையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். கணவர் அந்தோணி அண்ணன் தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. நல்ல உயரம், கனத்த குரல். அவர் பேசினால் இரண்டு நிரை தள்ளிக் கொழுந்தெடுப்பவருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் பேசுவார்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எழுபதுகளின் முற்பாதியில் எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்கு ஒரு பெயர் இருந்தது. முதல் பாதியில் இரண்டு கோல் வாங்குவோம். இரண்டாம் பாதியில் மூன்று போட்டு ஜெயிப்போம். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. பீருமேட்டிலிருந்து குமுளி வரைக்கும் இதைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. கேப்டன் இன்னாசியின் கால் ராசி என்பார்கள் சிலர், மாதாவின் அருள் என்பார்கள் சிலர். அதன் உண்மைக் காரணம் பாக்கியத்தக்கா. அது எங்கள் பதினொரு பேருக்குத் தெரியும். பதினொரு பேரும் அதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லவில்லை. நான் அந்த அணியின் கோல்கீப்பர், தேவசகாயம்.

நடந்தது இதுதான். எங்கள் ஆட்டங்கள் சனிக்கிழமை மூன்று மணிக்கு. அன்றும் ஆறரைக்கு மஸ்டர், இரண்டு மணி வரை வேலை. எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டுமென்றால் ஒரு மலை இறங்கி ஒரு மலை ஏற வேண்டும். அதனால் சாப்பிடாமலே மைதானத்துக்குப் போய்விடுவோம். அக்கரைத் தோட்டத்தோடு முதல் தடவை ஆடியபோது இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டு, புல்லில் மல்லாந்து கிடந்தோம். அந்த நேரம் பார்த்து, கொழுந்து நிறுத்துவிட்டு, முதுகில் கூடையும் கையில் தூக்குச்சட்டியுமாக பாக்கியத்தக்கா அந்த வழியே ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தோணி அண்ணனுக்கு அவித்த கப்பைக்கிழங்கும் (மரவள்ளிதான்) மிளகாய்த் துவையலும் கொண்டு போனார். எங்களைப் பார்த்து நின்றார்.

“ஏலே, என்ன இப்படிக் கெடக்கீக? மருந்தடிச்ச கொசு மாதிரி?”

“ரெண்டு கோல் வாங்கிட்டோம்க்கா” என்றார் இன்னாசி.

“காலைல என்ன தின்னீக?”

அக்கா தூக்குச்சட்டியைப் புல்லில் வைத்து மூடியைத் திறந்தார். ஆளுக்கு இரண்டு துண்டுகூட வராது. அதைத் தின்று, பைப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தோம். மூன்று கோல் போட்டோம். இரண்டு இன்னாசி போட்டது. அந்தோணி அண்ணன் அன்று பசியோடு அடுப்பெரித்தார். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் அக்கா, “உங்க கப்பைதான் இன்னைக்கு மூணு கோல் போட்டுச்சு” என்றாராம். அதற்கு அவர், “அப்போ அடுத்த வாரம் எனக்கும் சேர்த்து அவி” என்றாராம்.

அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் பெரிய சட்டி வந்தது. கூடவே பால் விடாத கட்டஞ்சாயா. விடிவதற்கு முன்னே எழுந்து அவித்து, துணி சுற்றி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஓரமாக வைத்திருப்பார். பெண்களுக்கு நிறுத்து முடிய மூன்றரை ஆகும். அதனால் அவரால் ஒருநாளும் முதல் பாதி ஆட்டத்துக்கு வர முடிந்ததில்லை. மைதானத்து மேட்டில் ஏறியதும் முதல் கேள்வி, “எத்தனை வாங்குனீக?” என்பதாகத்தான் இருக்கும். “ரெண்டுக்கா” என்போம். “பரவாயில்ல. இன்னொண்ணு வாங்கியிருந்தா திங்கக்கிழமை பேசுறதுக்கு இன்னும் நல்லாருக்கும்” என்பார்.

இரண்டாம் பாதியில் என் கோல் கம்பத்துக்குப் பின்னால் மேட்டில் உட்கார்ந்துகொள்வார். நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மலையாளத்துக்காரர்கள் கோல்கீப்பரைக் கோலி என்பார்கள். அக்காவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “பேருதான் கோலி. கோலிக்குண்டைப் பிடிக்கச் சொன்னாக்கூட ரெண்டு கை வேணும் இவனுக்கு.” எதிரணியின் ஆட்களும் சிரிப்பார்கள். சிரித்த நேரத்தில் இன்னாசி பந்தைத் தட்டிக்கொண்டு போனதும் உண்டு.

திங்கட்கிழமை கொழுந்து நிரையில் அவருடைய விமர்சனம் நடக்கும். அவர் முதல் பாதியைப் பார்க்காதவர் என்பதால் அவருடைய கணக்கில் நாங்கள் தோற்பதே இல்லை. “நான் பாத்த வரைக்கும் நம்ம பயலுக ஒரு ஆட்டத்துலயும் பின்னால நின்னதில்ல” என்பார். துரை (மேனேஜரை அப்போதும் அப்படித்தான் சொல்வோம்) ஜீப்பில் வந்து முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்கும் அக்காவிடம் ஒரு விளக்கம் உண்டு. “மொதப் பாதி கம்பெனிக்கு ஆடுறது. அதான் அப்படி இருக்கு. ஜீப்பு போன பொறவு ஆடுறது நமக்கு.”

நான் ஒரு நாள் கேட்டேன். “அக்கா, நீங்க காலைலேயே சட்டிய யார்கிட்டயாவது குடுத்து விட்டா, நாங்க தின்னுட்டு மொதல்லயே நல்லா ஆடுவோம்லா?”

“மொதல்லயே ஜெயிச்சிட்டீகன்னா என்னைய எவன் தேடுவான்?” என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு ஆட்டத்தில் நாங்கள் முதல் பாதியிலேயே ஒரு கோல் முன்னால் இருந்தோம். அக்கா சட்டியோடு மூச்சு வாங்க மேடேறி வந்து விவரம் கேட்டார். முகம் சுருங்கிப்போனது. “அப்போ எனக்கு இங்க என்ன சோலி?” என்றார். ஆனாலும் கிழங்கைக் கொடுத்தார். நாங்களும் ஆசையாக அள்ளித் தின்றோம். இரண்டாம் பாதியில் ஓட முடியாமல் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். “நல்லாருந்தவனுக்கு மருந்து குடுத்த கதையாப் போச்சு” என்று ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தோட்டங்களுக்கிடையிலான கோப்பைக்கு எங்கள் அணி இறுதி ஆட்டம் ஆடிய நாளைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அன்று எங்கள் துரையும் மற்றத் தோட்டத்துத் துரைமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்ததால் கொழுந்து நிறுப்பது தாமதமாகிவிட்டது. இடைவேளைக்கு அக்கா வரவில்லை. இரண்டு கோல் பின்னால் இருந்தோம். இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து அவர் மேட்டில் தெரிந்தார். துரைமார் இருப்பதால் பெண்கள் யாரும் கிட்டே வரக்கூடாது என்று வாட்சர் தடுத்துவிட்டார். அக்கா திரும்பி நடந்தார். போய்விட்டார் என்று நினைத்தோம்.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டுவிடும். அன்றும் உருண்டது. எடுக்கப் போன இன்னாசி திரும்பவில்லை. அவரைத் தேடி இருவர் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பந்து அவருடைய முதுகுக்கூடைக்குள் இருந்தது. கூடைக்கு மேலே சாக்கை விரித்திருந்தார். மூன்று பேரும் வாய் நிறையக் கிழங்கோடு நின்றார்கள்.

“மெல்லத் தின்னுங்கலே, விக்கிரும். பந்து எங்கேயும் போகாது” என்றார் அக்கா. என்னைப் பார்த்து, “நீயும் தின்னு. மத்தவனுகளையும் வரச்சொல்லு, தேடுற மாதிரி” என்றார்.

பந்து தேடும் சாக்கில் பதினொரு பேரும் சரிவில் இறங்கித் தின்றுவிட்டு வந்தோம். துரைமார் குடையின் கீழ் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. கடைசி நிமிடத்தில் இன்னாசி போட்ட மூன்றாவது கோலில் கோப்பை எங்களுக்குக் கிடைத்தது.

துரை மைக்கில் பேசினார். “பின்தங்கினாலும் விட்டுக்கொடுக்காத குணம் நம் தோட்டத்தின் ரத்தத்திலேயே ஊறியது” என்றார். வாட்சரைத் தாண்டி எப்படியோ கிட்டே வந்துவிட்ட அக்கா, கனத்த குரலை முடிந்தவரை தணித்து, “ரத்தத்துல இல்லங்கய்யா, வயித்துல” என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அடுத்து போட்டோ. குமுளியிலிருந்து வந்த போட்டோக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார். கோப்பை என் கையில் இருந்தது. அக்கா ஓரமாக வந்து நின்றார். நின்றதாகக்கூட நான் சொல்லமாட்டேன், சட்டியை எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “அந்த அம்மா கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்றார் போட்டோக்காரர். அக்கா தள்ளி நின்றுகொண்டு, “நான் நின்னா கப்பு சின்னதாத் தெரியும், அதான்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ‘அவரும் நிற்கட்டும்’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கோப்பையைப் பிடித்திருந்தவன் சொல்லியிருந்தால் போட்டோக்காரர் கேட்டிருப்பார். அந்தப் போட்டோ இன்றும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

அந்தக் கோப்பை எங்களுக்கு நல்லது செய்தது. தற்காலிகமாக வேலை பார்த்த ஐந்து பேரின் வேலை நிரந்தரமானது. இன்னாசி ஃபாக்டரிக்குள் நல்ல இடத்துக்குப் போனார். நான் சூப்பர்வைசர் ஆனேன். அக்கா நான்காம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்தார்.

அவசரநிலை அறிவித்த வருடம் அந்தோணி அண்ணன் நெஞ்சுச்சளியில் இறந்துபோனார். அடுத்த மழைக்காலத்தில் அக்கா சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தேறி வந்தபோது கம்பு இல்லாமல் நடக்க முடியவில்லை. கொழுந்தெடுக்க லாயக்கில்லை என்று எழுதி, பேரை வெட்டினார்கள். தோட்டத்தில் பேர் இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. பிள்ளை இருந்தால் அந்தப் பேரில் வீடு நிற்கும். அவருக்குப் பிள்ளை இல்லை.

விஷயம் தெரிந்ததும் நாங்கள் டீக்கடையில் கூடிப் பேசினோம். இன்னாசி மேசையைத் தட்டி, “நாம எல்லாரும் போய் துரைகிட்ட நின்னா, முடியாதுன்னு சொல்லுவாரா? கப்பு வாங்கிக் குடுத்தவங்க நாம” என்றார். மறுநாள் காலை மஸ்டருக்கு முன் அலுவலக வாசலில் கூடுவது என்று முடிவானது. நான் போனேன். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. வளைவில் சில்வர் ஓக் மரத்துப் பக்கம் நின்று, யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. திரும்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இன்னாசி ரேஷன் கடை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார். இன்னும் நான்கு பேர் ஃபாக்டரிப் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் வந்திருந்தோம். வாசலில்தான் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நம்பர் மலைக்கு நான்தான் சூப்பர்வைசர். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு ஒருவர் கொண்டுபோயிருப்பார். இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வாசற்படியில் கம்பைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாலே கோலி. கைல என்ன?”

“ஆபீஸ்ல குடுத்தாகக்கா.”

“எனக்கு எங்க படிக்கத் தெரியுது? நீயே படி.”

படித்தேன். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அக்கா முழுவதும் கேட்டார்.

“கீழ யாரு ஒப்புப் போட்டிருக்கா?”

“மேனேஜர்.”

“அதுக்குக் கீழ?”

“நான். கொண்டுவந்து குடுத்தேன்னு.”

தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “இத்தனை வருசத்துல நீ நழுவ விடாம பிடிச்சு, ஒழுங்காக் கொண்டுவந்து சேத்தது இது ஒண்ணுதாம்லே” என்றார்.

நானும் சிரித்தேன். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. “சாயா குடிக்கியா?” என்றார். கம்பை ஊன்றி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன். குடித்துவிட்டு, அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

அவர் குமுளி மலைக்குக் கீழே கூடலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறியது ஒரு சனிக்கிழமை மதியம். எங்களுக்கு அன்று ஆட்டம் இருந்தது. ராசம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும்தான் வழியனுப்பப் போனார்கள். அன்று நான்கு கோல் வாங்கினோம். ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. அதன்பிறகு கம்பெனி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது, கோட்டயத்திலிருந்து ஒரு கோச்சைக் கூட்டி வந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் கப்பை அவித்து, ஆட்டத்துக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஆடினோம். அப்போதும் தோற்றோம். எல்லாவற்றுக்கும் கிழங்குதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வயது ஏறியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதும் குறைந்திருந்தது.

அஞ்சலட்டை வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எட்டுப் பேர் கூடலூருக்குப் போனோம். அவர் மலையை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிறது. பஸ்ஸில் போய்த் திரும்ப அரை நாள் போதும். நாங்கள் ஒருவர்கூட ஒரு தடவையும் போகவில்லை. தங்கை சவேரியம்மாள் எங்களைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். காய்ந்த செம்மண் மேடு. குச்சியில் சிலுவை கட்டி நட்டிருந்தார்கள். இன்னாசி ஜெபம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை சவேரியம்மாள்தான் சொன்னார்.

வீட்டில் எங்களுக்குக் காபி கொடுத்தார். “உங்க பேச்சுத்தான் எந்நேரமும். இங்க வெங்காயம் அரியப் போற எடத்துலயும் பொம்பளைகளைக் கூட்டி வச்சுக்கிட்டு ஆட்டத்தச் சொல்லுவா. அஞ்சு கோல் பின்னால இருந்து ஆறு போட்டீகளாமே?”

நாங்கள் ஒருநாளும் அப்படி ஜெயித்ததில்லை. “ஆமா” என்றார் இன்னாசி.

“இதுல கோலி யாரு?”

நான் தலையை நிமிர்த்தினேன்.

“உங்களைத்தான் ரொம்பச் சொல்லுவா” என்றார். காலி டம்ளர்களை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டை விட்டுப் போகச் சொல்லி ஒரு தாளு குடுத்தாங்களே, அதக் கொண்டாந்து குடுத்தவன் யாருன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். எவனோ ஒருத்தன்னு சொல்லிட்டா. அவனுக்கு நல்ல சாவு வராதுன்னு நான் சொன்னா, சும்மா கெடன்னு என்னையவே ஏசுவா. உங்களுக்குத் தெரியாம இருக்காது. யாருய்யா அவன்?”

எட்டுப் பேரில் ஏழு பேர் தரையைப் பார்த்தார்கள்.

“தெரியலம்மா” என்றேன் நான்.

சவேரியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது வீட்டுக் கொல்லை முருங்கைக்காயை எட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். எனக்குக் கொடுத்தது பெரிய கட்டு. “அக்காவுக்கு வேண்டியவரு” என்றார். குமுளி ஏற்றம் முழுவதும் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் அக்காவைப் பற்றி நான் பேச வேண்டும் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். சவேரியம்மாளும் வருவார். அன்று வாசிப்பதற்காகத்தான் இதை எழுதினேன். அம்மா, அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். உங்கள் அக்கா என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டார்.

போய் வாருங்கள், அக்கா. உங்களை ஒருநாள் கூடப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர எங்களால் முடியவில்லை.